பெட்டரியில் 12.6, பம்பில் 9.7: நடுவில் வோல்ட் எங்கே போகிறது?

பீலித் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றுவதற்கு வைத்த சின்ன 12 வோல்ட் பம்ப் முக்கி முக்கிச் சுற்றுகிறது. பம்பின் இரண்டு வயரையும் கழற்றி, அந்த வயர் நுனிகளில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 காட்டுகிறது. "கரண்ட் முழுசா வருது, பம்ப்தான் போச்சு" என்று புதுப் பம்ப் வாங்கிப் பூட்டினால் அதுவும் முக்குகிறது.

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. பம்பைக் கழற்றிவிட்டு அளந்ததில்தான் பிழை. சர்க்யூட் சும்மா இருக்கும்போது ஓரிடத்தில் உள்ள வோல்ட் வேறு, அது வேலை செய்யும்போது அதே இடத்தில் உள்ள வோல்ட் வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வோல்ட் வீழ்ச்சி. இதைப் புரிந்துகொள்ளாமல் பழுது பார்க்கிறவர் நல்ல பாகங்களைத் தூக்கி எறிந்துகொண்டே இருப்பார்.

மேல் ஊற்றிலிருந்து லயத்துக்கு ஹோஸ் இழுத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கீழே பைப்பை மூடி வைத்திருக்கும்போது ஹோஸ் விறைத்து நிற்கும். திறந்துவிட்டால், ஹோஸ் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்து எங்கேயோ ஒரு கல்லுக்கடியில் நசுங்கியும் கிடந்தால், நூல் போலத்தான் தண்ணீர் வரும். மூடியிருந்தபோது அந்த நசுங்கல் இருந்தது, ஆனால் தெரியவில்லை. தண்ணீர் ஓடினால்தான் நசுங்கல் அழுத்தத்தைத் தின்னும்.

மின்சுற்றிலும் கணக்கு அதுதான். பள்ளியில் படித்த ஓமின் விதி: விழும் வோல்ட் என்பது ஓடும் அம்பியரை வழியிலுள்ள தடையால் பெருக்கி வருவது. அம்பியர் பூச்சியம் என்றால் தடை எவ்வளவு இருந்தாலும் வீழ்ச்சி பூச்சியம். தேய்ந்த சுவிட்ச் ஒன்றின் தொடுமுனையில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். அதன் வழியாக ஓர் எல்.ஈ.டி.க்கு 10 மில்லிஅம்பியர் போனால் 0.005 வோல்ட் விழும், யார் கண்ணிலும் படாது. அதே சுவிட்சில் பம்புக்கு 2 அம்பியர் போனால் 1 வோல்ட் விழும். விழுந்த வோல்ட் மறைந்து போவதில்லை, 2 வாட் சூடாக அந்தச் சுவிட்சிலேயே தங்கும். ஆகவே சுவிட்சோ பிளக்கோ கை வைத்தால் சுடுகிறது என்றால், வோல்ட் அங்கே விழுகிறது என்றே அர்த்தம்.

பெட்டரிக்குள்ளும் தடை உண்டு. பாடப்புத்தகத்தில் அகத்தடை என்று வருவது இதுதான். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய அமில பெட்டரியில் அது ஒரு ஓமில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். பழசாகும்போது ஏறும். ரிமோட் காருக்கும் மைக்குக்கும் போடுகிற 9 வோல்ட் சதுரப் பெட்டரியில், புதிய அல்கலைனாக இருந்தாலும், 1.5 முதல் 2 ஓம் வரை இருக்கும். அரை அம்பியர் இழுக்கும் மோட்டாரை அதில் மாட்டினால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் பெட்டரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே போய்விடும். அந்தச் சதுரப் பெட்டரியைக் கொண்டு மோட்டார் ஓட்டச் சொல்லும் செய்முறைப் படங்களை நம்பாதீர்கள்.

ஓடவிட்டு அளத்தல்

மேலே சொன்ன பம்பையே எடுத்துக்கொள்வோம். பெட்டரி, அதன் பிளஸ்ஸில் பியூஸ், அடுத்து சுவிட்ச், அங்கிருந்து 20 மீற்றர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் இரட்டை வயர், முடிவில் 2 அம்பியர் இழுக்கும் பம்ப்.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் நிலையில் வையுங்கள். கறுப்பு முனையைப் பெட்டரியின் மைனஸில் நிரந்தரமாகக் கிளிப் போட்டு மாட்டுங்கள். மாட்டுவது பெட்டரியின் ஈயக் கொம்பிலேயே இருக்கட்டும். அதன் மேல் பூட்டிய வயர்ப் பிடியில் வேண்டாம். பிடிக்கும் கொம்புக்கும் நடுவில் களிம்பு பிடித்திருந்தால் அந்த வீழ்ச்சி அளவீட்டிலிருந்து தப்பிவிடும். பம்பை ஓடவிடுங்கள். இனி சிவப்பு முனையுடன் பெட்டரியிலிருந்து பம்பை நோக்கி நடக்க வேண்டியதுதான்.

20 மீற்றருக்கு மல்டிமீட்டரின் வயர் எட்டாது. கையில் கிடைக்கும் எந்த ஒல்லி வயரையும் நீட்டிக்கொள்ளலாம், பழைய டெலிபோன் வயர்கூடப் போதும். மல்டிமீட்டர் வோல்ட் அளக்கும்போது ஏறத்தாழக் கரண்டே இழுப்பதில்லை, அதனால் அந்த ஒல்லி வயரில் எதுவும் விழாது.

இப்படி ஒரு வரிசை கிடைக்கலாம். பம்ப் ஓடாதபோது பெட்டரியில் 12.6. ஓடும்போது பெட்டரியில் 12.4. பியூஸைத் தாண்டியதும் 12.3. சுவிட்சைத் தாண்டியதும் 11.5. பம்பின் பிளஸ்ஸில் 10.6. இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நிறுத்தாமல் சிவப்பு முனையைப் பம்பின் மைனஸிலும் வையுங்கள். பூச்சியம் வரும் என்று நினைத்த இடத்தில் 0.9 காட்டும். திரும்பி வரும் வயரும் வயர்தானே. போகும் வயரில் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு திரும்பும் வயரிலும் விழும். பம்புக்கு உண்மையில் கிடைப்பது 10.6இலிருந்து 0.9 போக 9.7 வோல்ட்.

இப்போது கணக்குப் பார்த்தால் பெட்டரியில் 0.2, பியூஸில் 0.1, சுவிட்சில் 0.8, போகும் வயரில் 0.9, வரும் வயரில் 0.9. மொத்தம் 2.9. எங்கே கை வைக்க வேண்டும் என்று இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. பெட்டரியைக் குறை சொல்ல இடமில்லை. சுவிட்ச் சந்தேகமில்லாமல் கெட்டது: நல்ல சுவிட்சில் 2 அம்பியருக்கு 0.05 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. வயர் கெடவில்லை, ஆனால் இந்த வேலைக்கு ஒல்லி.

சந்தேகமான ஒரே பாகத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால் இன்னும் சுருக்கமான வழி உண்டு. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சின் இரண்டு காலிலும் இரண்டு முனைகளை வையுங்கள். காட்டுவது அந்தச் சுவிட்ச் தின்னும் வோல்ட். முதலில் 20 வோல்ட் நிலையில் பார்த்து, எண் சிறியதாக இருந்தால் 2000 மில்லிவோல்ட் நிலைக்கு இறக்கலாம். பியூஸ் பிடி, பிளக், திருகு மூட்டு, ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) தொடுமுனை, எதற்கும் இதே முறை. எதையும் கழற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம்.

"பீப்" சத்தத்தை நம்பாதீர்கள்

பழுது பார்க்கத் தொடங்கும் எல்லாரும் முதலில் பழகுவது மல்டிமீட்டரின் பீப் சத்தத்தைத்தான். வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க அது நல்லது. வயர் நல்லதா என்று பார்க்க உதவாது. பல மல்டிமீட்டர்கள் 50 ஓம் அளவுக்குக் கீழே எது இருந்தாலும் பீப் அடிக்கும். பத்து ஓம் தடையுள்ள களிம்பு பிடித்த மூட்டும் பீப் அடிக்கும். அதன் வழியாக 2 அம்பியர் போக 20 வோல்ட் அந்த மூட்டுக்கே வேண்டும். உள்ளே எல்லா இழைகளும் அறுந்து ஓர் இழை மட்டும் தொங்கும் வயரும் அதே உற்சாகத்தோடு பீப் அடிக்கும்.

ஓம் நிலையில் வைத்து அளந்தால்? மலிவான மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3, 0.5 என்று காட்டும். அதைக்கொண்டு 0.4 ஓம் சுவிட்சைக் கண்டுபிடிக்க முடியாது. ஓடவிட்டு வோல்ட் வீழ்ச்சி பார்ப்பது இந்தச் சின்னத் தடையைக் கணக்காகக் காட்டிக் கொடுக்கும்: 0.8 வோல்ட்டை 2 அம்பியரால் வகுத்தால் 0.4 ஓம். அதே மலிவு மல்டிமீட்டர்தான், கேட்கிற கேள்வி மட்டும் மாறியிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு. மஞ்சள் நிறத்தில் வரும் டி.டி.830 வகை மல்டிமீட்டரின் உள்தடை 1 மெகாஓம், கொஞ்சம் நல்லவற்றில் 10 மெகாஓம். வழியில் ஒரு மூட்டு முற்றிலும் துருப்பிடித்து 100 கிலோஓம் தடையாக மாறியிருந்தாலும், எதுவும் மாட்டாத நுனியில் முதல் வகை 12 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 10.9 காட்டும், இரண்டாவது வகை 11.9 காட்டும். "வோல்ட் இருக்கிறது." ஒரு பல்பைக் கூட எரிக்காத வோல்ட்.

இதற்கு மருந்து, வாகன உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் சிக்னல் பல்ப். 21 வாட் பல்ப் ஏறத்தாழ 1.75 அம்பியர் இழுக்கும், 5 வாட் பல்ப் 0.4 அம்பியர். அதன் இரண்டு முனைகளிலும் வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, நுனியில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். பம்பைக் கழற்றிய இடத்தில் இந்தப் பல்பை மாட்டி, மாட்டியபடியே வோல்ட் அளந்தால், பம்ப் நல்லதா வழி நல்லதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பல்ப் பளீரென்று எரிந்து 12க்குப் பக்கத்தில் காட்டினால் குற்றம் பம்பில். மங்கி 9 காட்டினால் வழியில். இந்தப் பல்பை 5 வோல்ட் போர்டுகளில் போட வேண்டாம். அங்கே 10 ஓம், 5 வாட் சீமெந்துத் தடையி ஒன்று போதும், அரை அம்பியர் இழுக்கும். இரண்டரை வாட் சூடு ஏறும் என்பதால் கையில் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அம்பியர் அளக்கச் சிவப்பு வயரை 10 ஏ துளைக்கு மாற்றியிருந்தால், அளந்து முடிந்த கையோடு பழைய துளைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மறந்து அப்படியே பெட்டரியின் இரண்டு கொம்பிலும் வைத்தால் அது நேரடி ஷோர்ட். மலிவு மல்டிமீட்டர்களில் அந்தத் துளைக்குப் பியூஸும் கிடையாது.

எவ்வளவு தடித்த வயர்?

ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் பருமனும் உள்ள செப்புக் கம்பியின் தடை 0.0172 ஓம். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். போகவர உள்ள மொத்த நீளத்தால் பெருக்கி, அம்பியரால் பெருக்கி, எவ்வளவு வோல்ட் விழலாம் என்று நீங்கள் அனுமதிக்கிறீர்களோ அதனால் வகுத்தால் வேண்டிய பருமன் வந்துவிடும். நம் பம்புக்கு 0.6 வோல்ட் வரை விடலாம் என்று வைத்தால், 0.0172 தரம் 40 மீற்றர் தரம் 2 அம்பியர், வகுத்தல் 0.6. விடை 2.3. கடையில் கிடைப்பது 2.5 சதுர மில்லிமீற்றர், வீட்டு பிளக் பொயிண்டுக்கு இழுக்கிற அதே வயர். விலையைக் கேட்டுத் தயங்குவீர்கள். அப்படியானால் பெட்டரியைப் பம்புக்குப் பக்கத்தில் வைத்து, சுவிட்சுக்கு மட்டும் ஒல்லி வயரை இழுத்து, பம்பின் அருகே ஒரு ரிலே போடுங்கள். ரிலேயின் சுருள் இழுப்பது 12 வோல்ட்டில் பத்துக்கணக்கான மில்லிஅம்பியர்தான். 40 மீற்றர் ஒல்லி வயர் அதற்குத் தாராளம்.

வயரை வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். ஒரே பருமனில் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடை. போதாததற்கு ஈயமும் ஒழுங்காகப் பிடிக்காது.

எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் போடுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: மாட்டுப்பட்டி வரை இழுத்த ஸ்ட்ரிப்பில் 10 வோல்ட் வருகிறது, ஆறில் ஒரு பங்குதானே குறைந்திருக்கிறது, ஏன் இவ்வளவு மங்கல்? 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று வெள்ளை எல்.ஈ.டி.கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 3 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட் அவற்றோடு சேர்ந்த தடையியில் விழும். எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது அந்த மீதிதான். 10 வோல்ட்டில் எல்.ஈ.டி.கள் தங்கள் 9ஐக் கிட்டத்தட்ட விடாமல் எடுத்துக்கொள்ளும். தடையிக்கு மிஞ்சுவது ஒன்று. மூன்றாக இருந்தது ஒன்றாகிவிட்டதால் கரண்டும் வெளிச்சமும் மூன்றில் ஒன்றுக்கு இறங்கிவிடும். நீள ஸ்ட்ரிப்பில் முதல் பாதி பளிச்சென்றும் கடைசிப் பாதி மங்கியும் எரிவதும் இதனால்தான். ஸ்ட்ரிப்பின் மெல்லிய செப்புப் பட்டையே வோல்ட்டைத் தின்கிறது. இரண்டு நுனியிலும் வயர் கொடுத்தால் சரியாகிவிடும்.

பனி, மழை, பச்சைக் களிம்பு

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். தலவாக்கலை, ஹட்டன், ஹப்புத்தளை பக்கமும் ஆண்டில் பல மாதம் பனிமூட்டமும் தூறலும்தான். கொழும்பில் ஐந்து வருடம் உழைக்கும் மூட்டு இங்கே ஒரு மழைக்காலத்திலேயே பச்சையாகிவிடக்கூடும். செம்பின் மேல் படியும் அந்தக் களிம்பு கரண்டை ஒழுங்காகக் கடத்தாது. அதுதான் நாம் தேடும் தடை.

முறுக்கி டேப் சுற்றிய மூட்டுத்தான் முதல் எதிரி. டேப்பின் பசை குளிரிலும் ஈரத்திலும் விட்டுப்போகும், உள்ளே தண்ணீர் போகும், வெளியே வர வழி இராது. அதோடு நிற்காது. பல இழை வயரின் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் ஏறும். மூட்டைப் பிரித்து இரண்டு அங்குலம் வெட்டிப் பார்த்தும் உள்ளே கம்பி கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த கம்பியில் ஈயம் உருண்டு ஓடுமே தவிர ஒட்டாது. ஈயம் வைத்து, மேலே சூடாக்கினால் சுருங்கும் குழாயைப் போட்டால் பல வருடம் கவலையில்லை. திருகு இணைப்பியும் நல்லதுதான், கூரைக்குக் கீழே இருந்தால்.

இஸ்தோப்பில் மாட்டும் பெட்டிக்குள் வயர் மேலிருந்து நுழையக் கூடாது. கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, அடிப்பக்கத்தால் உள்ளே விடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியை எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அது ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும். அடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுவிடுவது, முழுக்க அடைத்து வைப்பதைவிட மேல்.

பழகுவதற்குப் பயன்படுத்தும், ஈயம் வைக்காமல் துளைகளில் பாகங்களைக் குத்தும் பிரெட்போர்டை இங்கே நிரந்தரச் சர்க்யூட்டுக்கு வைக்கவே வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் கிளிப்புகள் புதிதில் நன்றாகப் பிடிக்கும். தடித்த கால்களைத் திணித்துத் திணித்துத் தளர்ந்த பிறகு, ஈரமும் சேர்ந்தால், ஒவ்வொரு துளையும் ஒரு சின்னத் தடையியாகிவிடும். அரை அம்பியருக்கு மேல் இழுக்கும் எதையும் பிரெட்போர்டு வழியாக ஓட்டாதீர்கள். மோட்டாருக்கு நேரடியாக வயர் கொடுங்கள்.

டிரை சோல்டர் என்று ரேடியோ ரிப்பேர் கடைகளில் சொல்வது இன்னொரு வகை. ஈயம் உருகி மேலே உட்கார்ந்திருக்கும், கால் சூடாகாததால் அதோடு ஒட்டியிருக்காது. காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்ட வெடிப்பு, அல்லது பனித்துளி போல உருண்டு நிற்கும் ஈயம், இரண்டும் அடையாளம். 63/37 ஈயம் உருகுவது 183 பாகையில், ஆனால் 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியையோ பெரிய செப்புப் பரப்பையோ 25 வாட் அயனால் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவருவது கடினம். குளிர்ந்த காற்று வீசும் சன்னலோரம் உட்கார்ந்தால் இன்னும் கடினம். 60 வாட் அயன் எடுத்து, முதலில் காலைச் சூடாக்கி, அந்தக் காலில் ஈயத்தை வைத்து உருக்குங்கள். அயனில் உருக்கிக் கொண்டுவந்து தடவுவது வேலைக்கு ஆகாது.

மாலையில் மட்டும் இரையும் அம்ப்

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ஆறு சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216 முதல் 244 வரை. ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில், கடைசியில் இருக்கும் லயத்தில் மாலை 6.30க்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கும் டீவியும் ஹீட்டரும் போட்டால் அதற்கும் கீழே இறங்கிவிடலாம். தெருவில் ஓடும் வயருக்கும் அதே ஓமின் விதிதான்.

பகலில் சுத்தமாகப் பாடும் அம்ப் (அம்ப்ளிஃபயர்) மாலையில் "ம்ம்ம்" என்று இரைவதற்கு இது ஒரு காரணம். 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபோமர், நான்கு டயோட், 2200 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர், அதன் பிறகு வோல்ட்டை 9இல் நிறுத்தும் 7809 ரெகுலேட்டர், அரை அம்பியர் சுமை என்று வைப்போம். 230 வோல்ட் வரும்போது ட்ரான்ஸ்ஃபோமரின் உச்சம் 17 வோல்ட், டயோட்டுகளில் 1.4 போக 15.6. ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவிலுள்ள நூறில் ஒரு பங்கு வினாடியில் கெப்பாசிட்டர் ஏறத்தாழ 2.3 வோல்ட் இறங்கும், அதாவது 13.3 வரை. 7809க்கு உள்ளே 11 வோல்ட் இருந்தால் வெளியே 9ஐச் சீராகக் கொடுக்கும். பிரச்சினை இல்லை.

வரும் மின்சாரம் 190க்கு இறங்கினால் உச்சம் 14. டயோட் போக 12.6. பள்ளத்தில் 10.3. அந்தப் பள்ளங்களில் ரெகுலேட்டரால் 9ஐப் பிடித்து நிறுத்த முடியாது. வினாடிக்கு நூறு தடவை வெளியே சறுக்கும். அதுவே அந்த இரைச்சல். மல்டிமீட்டர் கெப்பாசிட்டரில் சராசரியாக 11.4 காட்டி, எல்லாம் சரி என்று சொல்லும். கெப்பாசிட்டரை 4700 மைக்ரோஃபரட், 25 வோல்ட் ஆக்கினால் இறக்கம் 1.1 வோல்ட்டாகக் குறைந்து பள்ளம் 11.5இல் நிற்கும், இரைச்சல் நின்றுவிடும். கெப்பாசிட்டரின் மைனஸ் கோட்டைப் பார்த்துப் போடுங்கள், தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். இவ்வளவு சிரமம் வேண்டாமென்றால் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர் ஒன்றை வாங்கிவிடலாம். எப்படியானாலும் 230 வோல்ட் பக்கத்தை மல்டிமீட்டரால் குத்திப் பார்ப்பது பழகுகிறவர்களுக்கான வேலை அல்ல. ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய லயங்களில் அறவே வேண்டாம்.

மல்டிமீட்டர் காணாத இறக்கங்கள் இன்னும் வேகமானவையும் உண்டு. சிம் அட்டை போட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பப் பயன்படும் சிம்800எல் மொடியூல் டவரோடு பேசும்போது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு 2 அம்பியர் வரை இழுக்கும். அதற்கு 3.4 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் அணைந்து மறுபடி எழும்பும். பள்ளத்தாக்கில் சிக்னல் குறைவான இடத்தில் மொடியூல் முழுப் பலத்தோடு கத்துவதால் இழுப்பும் அதிகம். டவுனில் மேசை மேல் ஒழுங்காக ஓடிய சர்க்யூட், தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது இதனால் இருக்கலாம். புரோகிராமைத் திருத்துவதற்கு முன்பு, 4 வோல்ட், 2 அம்பியர் கொடுக்கக்கூடிய மின் வழங்கி, விரல் நீளத்துக்கு மேல் போகாத தடித்த வயர், மொடியூலின் காலிலேயே 1000 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர், இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றும் வேண்டும். கெப்பாசிட்டர் தனியாக அந்த 2 அம்பியரைத் தாங்கினால் அது ஒரே தடவையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும்.

கறுப்பு வயரும் ஒரு தடைதான்

பம்பின் மைனஸில் 0.9 வோல்ட் இருந்ததை மறந்துவிடாதீர்கள். பம்பை மட்டும் ஓட்டும்போது அது கொஞ்சம் வேகக் குறைவு, அவ்வளவுதான். அதே கறுப்பு வயரில் ஒரு சென்சாரையும் சேர்த்தால் கதை மாறும்.

மரக்கறித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விட, புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டான ஆர்டுயினோ யூனோவும் மண் ஈர சென்சாரும் பம்பும் வைக்கிறீர்கள். வயரை மிச்சப்படுத்த, பம்பும் சென்சாரும் ஒரே கறுப்பு வயரில் திரும்புகின்றன. அந்தப் பொது வயரின் தடை வெறும் 0.2 ஓம் என்றே வைப்போம். பம்ப் 2 அம்பியர் இழுத்ததும் சென்சாரின் மைனஸ் கால் 0.4 வோல்ட் மேலே தூக்கப்படும். சென்சார் சொல்வதெல்லாம் 0.4 கூடுதலாக ஆர்டுயினோவுக்குக் கேட்கும். 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிக்கும் யூனோவில் அது ஏறக்குறைய 82 படி. வழக்கமாகக் கிடைக்கும் மண் சென்சார்களில் எண் கூடினால் மண் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பம்ப் ஓடத் தொடங்கியதும் மண் இன்னும் காய்ந்துவிட்டதாக ஆர்டுயினோ நினைக்கும், பம்பை நிறுத்தாது. கரட் பாத்தி குளமாகும். சென்சாரை மாற்றினாலும், புரோகிராமில் எண்களை மாற்றினாலும் தீராது.

பம்பின் கறுப்பு வயரைத் தனியாகப் பெட்டரியின் மைனஸ் கொம்புவரை கொண்டுபோங்கள். சென்சாரின் கறுப்பு வயர் ஆர்டுயினோவின் மைனஸுக்கு, ஆர்டுயினோவின் கறுப்பு வயர் பெட்டரியின் கொம்புக்கு. மூன்றும் வேறெங்கும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பம்பின் 2 அம்பியரும் சென்சாரின் சில மில்லிஅம்பியரும் ஒரே கம்பியில் சேர்ந்து நடக்கக் கூடாது என்பதே நோக்கம். மாற்றி முடித்ததும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஆர்டுயினோவின் மைனஸிலும் சிவப்பு முனையைச் சென்சாரின் மைனஸிலும் வைத்து, 2000 மில்லிவோல்ட் நிலையில், பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். 10 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் காட்டினால் எங்கேயோ இரண்டு கறுப்பு வயர்கள் இன்னும் சேர்ந்துதான் கிடக்கின்றன.